மலையுச்சிச் சிவப்பு வைன்

நமுனுகுல மலைச்சரிவில் திராட்சை காய்க்கும் என்று தோட்டக் கம்பனிக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். சொன்ன புண்ணியவானைப் பிறகு யாரும் பார்க்கவில்லை. தேயிலையைப் பிடுங்கிவிட்டு நட்டால் கணக்கு உதைக்குமாம். அதனால் தொழிலாளர் லயத்துக்குப் பின்னால், கொழுந்து பறிக்கும் ஜீவராணி போஞ்சிக்காய் போட்டிருந்த துண்டு நிலத்தில் கம்பனியின் கண் விழுந்தது. மேல்பாதியை எடுத்துக்கொண்டு கீழ்ப்பாதியை அவளுக்கே விட்டுக்கொடுத்தார் தோட்டத்து மேனேஜர், பெரியதொரை கிருஷ்ணராஜ். எவ்வளவு பெரிய மனசு!

கொடி படர்ந்தது, பூவும் விட்டது. வருஷா வருஷம் மழை வந்து அத்தனை பூவையும் உதிர்த்துவிட்டுப் போனது. ஜீவராணி வெளியே உச்சுக் கொட்டினாள், உள்ளுக்குள் மழையைக் கும்பிட்டாள்.

திராட்சைதான் காய்க்கவில்லையே தவிர, வைன் தயாராகிவிட்டது. எந்த நாட்டிலிருந்தோ பீப்பாயில் வந்ததைப் போத்தலில் அடைத்து, 'ஐயாயிரம் அடி உயரத்தின் வீறுமிக்க சிவப்பு வைன்' என்று லேபல் ஒட்டினார்கள். பீப்பாய் லொறியில் மலையேறி வந்ததால் ஐயாயிரம் அடி என்பது மட்டும் சுத்தப் பொய்யில்லை.

அதை வெளியிடக் கொழும்பிலிருந்து கம்பனிச் சேர்மன் வருகிறார் என்று செய்தி வந்தது. கொடியெல்லாம் காய்த்துக் குலுங்குவதாக அவருக்குப் பெரியதொரைதான் எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார். பதுளைக் கடைவீதியில் பெட்டி பெட்டியாகக் கறுப்புத் திராட்சை வாங்கிவந்தவர், சேர்மன் வரும் நாளன்று காலை வேலை பிரிக்கும் பெரட்டில் ஜீவராணியைத் தனியே கூப்பிட்டார்.

"இதையெல்லாம் கொடியில கட்டிரு. நூல் வெளிய தெரியக் கூடாது. இன்னைக்கு மட்டும் சமாளிச்சிட்டா, அடுத்த மாசமே கொடியப் பிடுங்கிட்டு ஒன் எடத்த ஒனக்கே தந்துர்றேன்."

"நெசமாவா தொரை?"

"நான் சொல்றேன்ல."

அவள் நம்பினாள். நிலம் திரும்பி வரும் என்ற ஆசையில் விரல் நோக நோகக் கட்டினாள். குளவிகூடக் கொடியில் காய்த்ததென்றே நம்பி வந்து மொய்த்தது.

சேர்மன் வந்தார். கிளாசை முகர்ந்து, கண்ணை மூடி, ஒரு வாய் குடித்து, "இந்த மலையோட முரட்டுத்தனம் அப்படியே நாக்குல தெரியுது" என்றார். எல்லோரும் தங்கள் நாக்கிலும் தெரிவதாகத் தலையாட்டினார்கள். பிறகு கொடிப்பக்கம் வந்தார். அங்கே ஜீவராணியைக் கொழுந்துக் கூடையோடு போட்டோவுக்கு நிறுத்தியிருந்தார்கள்.

"இவ்வளவு காய்க்குதா? அப்ப கீழ அந்தப் போஞ்சி எதுக்கு? அங்கயும் கொடிய நட்டுருங்க."

"நானும் அதத்தான் நெனச்சேன் சார்" என்றார் பெரியதொரை, அவள் முகத்தைப் பார்க்காமலே.

வேலை போனால் போகட்டும் என்று ஜீவராணி எட்டி ஒரு கொத்தை இழுத்து, நூலும் முடிச்சுமாகச் சேர்மன் கையில் வைத்தாள்.

"இது காய்ச்சது இல்லீங்க. கடையில வாங்குனது. காலையில நான்தான் கட்டுனேன். இங்க ஒண்ணுமே காய்க்காதுங்க."

சேர்மன் முடிச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"எனக்கே தெரியலையே. அப்ப எல்லவுக்குச் சுத்திப்பாக்க வாற வெள்ளைக்காரனுக்கு எங்க தெரியப்போகுது? அவன் வந்து போட்டோ எடுத்துட்டு, போத்தல வாங்கிட்டுப் போயிருவான்." பெரியதொரையிடம் திரும்பினார். "நல்ல கைவேலை. இந்த அம்மாவை விட்றாதீங்க. கீழயும் சேர்த்தே நடுங்க."

திங்கட்கிழமைப் பெரட்டில் ஜீவராணியைத் திராட்சைக்குக் கங்காணியாக்கினார்கள். ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் போஞ்சியைப் பிடுங்குவதுதான் முதல் நாள் வேலை.