நான்கு முதல் ஆறு வரை

சூர்யநாராயணன் தொலைபேசியில் கூப்பிட்டபோது, அவருடைய ஒன்பது வயதுப் பெண் தேஜஸ்வினி செத்துப்போய் இரண்டு வாரம் ஆகியிருந்தது. அவர் கத்தவில்லை, கோர்ட்டுக்கு இழுப்பேன் என்று மிரட்டவுமில்லை. அதற்கெல்லாம் விசாலம் டீச்சர் தயாராகத்தான் இருந்தாள். அவர் கேட்டதுதான் அவளிடம் இல்லாதது.

"ஒண்ணே ஒண்ணு வேணும் டீச்சர். முகாம்ல சாயங்காலம் குழந்தைகள் ஒர்க்‌ஷீட் எழுதும்னு நோட்டீஸ்ல போட்டிருந்தேளே. தேஜு எழுதினது உங்ககிட்டதானே இருக்கும்? அவ கடைசியா எழுதினது. நானும் என் ஆத்துக்காரி அபயாவும் சாயங்காலம் வந்து வாங்கிக்கறோம்."

"வாங்கோ" என்று சொல்லிவிட்டு ரிசீவரை வைத்தாள். ஒர்க்‌ஷீட் அலமாரியில் இருந்தது. நாற்பது பிரதி. ஒன்றில்கூட ஓர் எழுத்துக் கிடையாது.

இந்த வினை ஆரம்பித்தது 1996இல். மராட்டியப் பக்கம் ஔந்தில் ஒரு பள்ளியில் முப்பது வருஷம் உயிரியல் நடத்தி ஓய்வு பெற்றவள் விசாலம். கடக்வாஸ்லா அணையைத் தாண்டி, தண்ணீர் பின்வாங்கிய கரையில் ஜனவரி மாதம் மூன்று நாள் இயற்கை முகாம் போடத் தொடங்கினாள். காலையில் பறவை, மத்தியானம் பூச்சி, இருட்டினால் நட்சத்திரம். எல்லாம் சரி. ஆனால் அவள் முகாம் போட்டதே நாலு மணியிலிருந்து ஆறு மணிவரை இருக்கும் நேரத்துக்காகத்தான். அந்த இரண்டு மணி நேரம் யாரும் எதுவும் சொல்லித்தர மாட்டார்கள். குழந்தைகள் மண்ணில் புரளலாம், சண்டை போடலாம், சும்மா மல்லாந்து கிடக்கலாம்.

முதல் வருஷ நோட்டீஸில் அதை ஒளிக்காமல்தான் போட்டாள். "நான்கு முதல் ஆறு வரை: இஷ்டம்போல் விளையாட்டு." பெற்றோர் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டார்கள். அந்த ரெண்டு மணி நேரத்தில் குழந்தை என்ன கற்றுக்கொள்ளும் என்று வானவடியிலிருந்து ஒரு ராணுவ அதிகாரி கடிதமே எழுதினார். சும்மா விளையாடுவதற்கு எங்கள் அபார்ட்மென்ட் பார்க்கிங் போதாதா என்றாள் ஒருத்தி. அந்த வருஷம் சேர்ந்தவர்கள் பதினோரு பேர். இதுகளிடம் உண்மை பேசி ஆகாது என்று விசாலத்துக்கு ஆத்திரமாக வந்தது. அடுத்த வருஷம் இப்படிப் போட்டாள்: "நான்கு முதல் ஆறு வரை: இலை, பூச்சி கவனிப்பு. உட்கார்ந்தபடி, ஆசிரியர் மேற்பார்வையில், ஒர்க்‌ஷீட்டுடன்." நாற்பது இடமும் ஒரே வாரத்தில் நிரம்பின!

விளையாட்டை மட்டும் அவள் நிறுத்தவில்லை. திரும்பி வருகிற பஸ்ஸில் பத்தே நிமிஷத்தில் தாளை நிரப்பச் சொல்வாள். பெற்றோரும் அதைப் பார்த்துப் பூரித்துப்போவார்கள். ஆறு வருஷம் இந்தத் தில்லுமுல்லு ஒரு குறையுமில்லாமல் நடந்தது. ஏழாம் வருஷம்தான் பஸ் முதல் நாளே திரும்பி வந்தது.

அன்றைக்கு நாலு மணிக்கு மற்றதுகள் எல்லாம் கூச்சலோடு கரையில் இறங்கிவிட, தேஜஸ்வினி மட்டும் பென்சிலும் கையுமாகக் கருவேல மரத்தடியில் நின்றாள்.

"மிஸ், இப்போ க்யா கர்னா ஹை? என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம்."

"ஒண்ணும் பண்ணாம எப்படி?"

"அங்க போய்ப் பாரு, தெரியும்."

குழந்தை கொஞ்சம் யோசித்தது. "ஓடலாமா மிஸ்?"

"தாராளமா ஓடு. யாரு வேண்டாங்கறா?"

எல்லாருக்கும் தண்ணீரைப் பற்றித்தான் பயம். அதனால் விசாலம் கரை நெடுகக் கயிறு கட்டி, பஸ் டிரைவர் முகமது இஸ்மாயிலை அங்கேயே காவலுக்கு நிறுத்தியிருந்தாள். குழந்தைகள் வெடித்த வண்டலைப் பாளம் பாளமாகப் பெயர்த்துக் கோட்டை கட்டின. தேஜுவுக்கு முதலில் மண் சுமக்கிற வேலை. அப்புறம் காவல்காரியானாள், அப்புறம் கோட்டையையே திருடுகிறவளாகி, பாளத்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஓட்டமாக ஓடினாள். பின்னாலேயே பத்துப் பேர் துரத்தினார்கள். கவுன் முழுக்கச் சேறு, முகமெல்லாம் சிரிப்பு. இதற்குத்தானே வருஷா வருஷம் பொய் எழுதுகிறோம் என்று விசாலம் பெருமைகூடப் பட்டுக்கொண்டாள், பாவி.

ஐந்தே முக்காலுக்குக் குழந்தை வந்து அவள் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தது.

"மிஸ், நாளைக்கும் நாலு மணி இருக்கா?"

"இருக்குடி கண்ணு."

அப்படியே அவள் மடியில் சாய்ந்தது. களைத்துவிட்டது, இரண்டு நிமிஷம் கிடக்கட்டும் என்று விட்டாள். குனிந்து பார்த்தபோது உதடு நீலம் பாரித்திருந்தது. இஸ்மாயில் எவ்வளவோ வேகமாகத்தான் பஸ்ஸை ஓட்டினார். ஆஸ்பத்திரி வாசலிலேயே டாக்டர் உதட்டைப் பிதுக்கிவிட்டார்.

சூர்யநாராயணன் உள்ளே டாக்டரிடம் நின்றபோது, அம்மா அபயாம்பாள் விசாலத்தின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப்போனாள்.

"அவளுக்குப் பிறவியிலேயே ஹார்ட்ல கோளாறு டீச்சர். ஓடவே கூடாது. அதை ஃபார்ம்ல எழுதினா எந்த முகாம்லயும் சேத்துக்க மாட்டேங்கறா. மூணு இடத்துல திருப்பி அனுப்பிட்டா. உங்க நோட்டீஸ்ல எல்லாம் உக்காந்து பண்றதாவே இருந்துது. அதான் எழுதாம விட்டேன். அவர் எழுதியாச்சுன்னு நினைச்சிண்டிருக்கார். தெரிஞ்சா என்னைக் கொன்னுடுவார். சொல்லிடாதீங்கோ."

நானும் பொய்தான் எழுதினேன் அம்மா என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். "உக்காந்த இடத்துலயே சரிஞ்சுட்டா" என்று மட்டும் சொன்னாள்.

இப்போது ஒர்க்‌ஷீட் வேண்டுமாம். மத்தியானம் ஒரு பிரதியையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு விசாலம் மேஜை முன் உட்கார்ந்தாள். முப்பது வருஷம் நோட்டுத் திருத்தியவளுக்குக் குழந்தைக் கையெழுத்து வராதா? பெயரின் முதல் எழுத்தைப் போட்டாள். கை நடுங்கவேயில்லை. அதைப் பார்த்துத் தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாகிவிட்டது. தாளைச் சுக்குநூறாகக் கிழித்துப்போட்டாள்.

சாயங்காலம் இரண்டு பேரும் வந்தார்கள். தாள் மடங்காமல் எடுத்துப்போகச் சூர்யநாராயணன் ஒரு பிளாஸ்டிக் ஃபைல் கொண்டுவந்திருந்தார். அதை டீப்பாயில் வைத்துவிட்டு அவள் முகத்தையே பார்த்தார்.

"ஒர்க்‌ஷீட் இல்லை" என்றாள் விசாலம். "யாருமே எழுதலை. நோட்டீஸ்ல போட்டதெல்லாம் பொய். அந்த ரெண்டு மணி நேரம் குழந்தைகளை இஷ்டத்துக்கு விட்டுடுவேன். தேஜு ஓடினா. ஓடலாமான்னு கேட்டா, நான்தான் ஓடுன்னேன்."

அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்த அபயாம்பாள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"ஓடச் சொன்னேளா?" என்றார் சூர்யநாராயணன். "ஹார்ட் விஷயத்தை ஃபார்ம்லயே எழுதிக் கொடுத்தோமே! அபயா, நீதானே எழுதின?"

ஃபார்ம் மேஜை டிராயரில்தான் இருந்தது. 'உடல் குறைபாடு ஏதேனும் உண்டா?' என்ற கேள்விக்கு எதிரே நீல மசியில் 'இல்லை'. எடுத்து நீட்டினால் பாதிப் பாரம் இறங்கிவிடும். விசாலத்துக்கு நீட்டிவிடலாம் என்றுதான் இருந்தது. அபயாம்பாள்மேல் வயிறு எரிந்தது. இவள் ஒரு வார்த்தை எழுதியிருந்தால் அந்தக் குழந்தையை என் பக்கத்தைவிட்டு நகர விட்டிருப்பேனா? ஆனால் நான் உண்மையை எழுதியிருந்தால் இவள் அனுப்பியே இருக்க மாட்டாளே.

"எழுதியிருந்தா" என்றாள். "நான்தான் சரியாப் படிக்கலை."

அபயாம்பாள் மறுபடியும் தரையைப் பார்த்தாள்.

"மனுஷிதானா நீங்க?" சூர்யநாராயணன் எழுந்துவிட்டார். "இதையே போலீஸ்லயும் வந்து சொல்லணும்."

"சொல்றேன்."

மனைவியின் தோளைப் பிடித்து அழைத்துக்கொண்டு கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார். விசாலம் எழுந்திருக்கவில்லை. இரண்டு நிமிஷம் கழித்துக் கதவு திறந்தது. டீப்பாயிலேயே மறந்துவிட்டுப்போன ஃபைலை எடுக்க அபயாம்பாள் தனியாக வந்திருந்தாள். காலி ஃபைலை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

"எவ்வளவு நேரம் ஓடினா?"

"ஒண்ணரை மணி நேரத்துக்கு மேல இருக்கும்."

"வேகமா ஓடினாளா?"

"பத்துப் பேர் துரத்தினா. ஒருத்தர் கையிலயும் மாட்டலை."

கீழேயிருந்து சூர்யநாராயணன் ஸ்கூட்டர் ஹாரனை அடித்தார். அபயாம்பாள் கதவு வரைக்கும் போய் நின்றாள்.

"அவ ஓடி நான் பாத்ததே இல்லை டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.