பிறந்த வீட்டுக் கோடி

"பையைக் கொடுத்துட்டுப் போங்கம்மா" என்று வாசலில் நின்ற சிஸ்டர் கை நீட்டினாள். அமுதவல்லி கொடுக்கவில்லை. பையை மார்போடு அணைத்துக்கொண்டு விறுவிறுவென்று மடத்துக் கோயிலுக்குள் நுழைந்துவிட்டாள்.

அயோத்தியாப்பட்டணம் தாண்டி இருக்கும் அந்தக் கன்னியர் மடத்துக்கு வயது நூறுக்கு மேல். உள்ளே போன பெண் வெளியே வருவதில்லை. அமுதவல்லியின் அக்கா செல்லாயி போய் முப்பத்து நாலு வருஷம். பெற்றவர்கள் அன்றைக்கே தலைமுழுகிவிட்டார்கள். அமுதவல்லி மட்டும் வருஷத்துக்கு ஒரு தடவை நாமக்கல்லிலிருந்து பஸ் ஏறி வருவாள். கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் அக்காவிடம் கோழிப்பண்ணைக் கதையெல்லாம் சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டுப் போவாள். நேற்று மாலை அக்கா போய்ச் சேர்ந்துவிட்டாள்.

இன்றைக்குத் தடுப்பு இல்லை. அக்கா பழுப்பு அங்கியோடு பெட்டிக்குள் கிடந்தாள். ஐயோ, இவ்வளவு குள்ளமா இவள்! தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்தே பார்த்ததில், இத்தனை வருஷம் உயரம் தெரியவேயில்லை.

காலையில் அண்ணன் சென்னியப்பன் போனில் கத்தியிருந்தான். "பொறந்த ஊட்டுக் கோடி நாந்தான் போடோணும். நான் போடமாட்டேன். நீ போட்டீன்னா எங்கூட்டு வாசப்படி மிதிக்காத அம்மிணி." பெண் செத்தால் பிறந்த வீட்டுப் புதுச்சேலை அவள்மேல் விழ வேண்டும். விழாவிட்டால் நாதியற்றவள் என்று ஊர் சொல்லும். அமுதவல்லி போனை வைத்துவிட்டு நேராக ஜவுளிக்கடைக்குத்தான் போனாள்.

பையிலிருந்து மாம்பழ நிறச் சேலையை உருவினாள். மடத்துத் தலைவி, எல்லோருக்கும் மதர், குறுக்கே வந்தார்.

"வேண்டாம்மா. எங்க சபை ஒழுங்குல அங்கி மட்டுந்தான். வீட்டை விட்டுட்டுத்தான அவங்க வந்தாங்க?"

"அவ உட்டுட்டு வந்தாளுங்க. நான் அவளை உடலீங்களே!" கோயிலே திரும்பிப் பார்த்தது. "அவளுக்கு ஊடு இல்லீன்னு எங்கண்ணன் சொல்றான். நீங்களும் அதையே சொல்றீங்க. ரெண்டு பேருக்கும் சேத்துச் சொல்றேனுங்க, இந்தச் சேலைய மடிச்சு எடுத்துட்டு நான் திரும்பமாட்டேன். வேணும்னா என்னையும் உள்ள வெச்சு மூடுங்க."

செபம் நின்றுபோனது. மதர் இவளைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். நகரவும் இல்லை, தடுக்கவும் இல்லை. அவரைச் சுற்றிக்கொண்டு போய் அமுதவல்லி சேலையைத் தோளிலிருந்து பாதம் வரை போர்த்தினாள். மடிப்புகளை நீவிவிட்டாள்.

மூடியை வைத்தபோது முந்தானை ஒரு சாண் வெளியே நின்றது. ஆணி அடிக்க வந்தவர் அதை உள்ளே தள்ளப் போனார்.

"இருக்கட்டும்" என்றார் மதர்.

கல்லறைத் தோட்டத்துக்குப் பெட்டி கிளம்பியபோது போன் அடித்தது. அண்ணன்.

"போட்டாச்சுங்ணா" என்று சொல்லிவிட்டு அமுதவல்லி பெட்டிக்குப் பின்னால் நடந்தாள்.