மரத்தூள்

முனிச்சாலை லட்சுமிநாராயணன் தன் பேட்டரி மிஷினை யாருக்கும் இரவல் கொடுத்ததில்லை. வயர் இல்லாமல் பேட்டரியிலேயே ஓடித் திருகாணி முடுக்குகிற அந்தச் சாமான் மதுரைக் கடைகளுக்கு வந்த புதிதிலேயே வாங்கிவிட்டார். வீடு வீடாகப் போய்ச் சமையலறை அலமாரிகளும் துணி அலமாரிகளும் பொருத்திப் பூட்டிக் கொடுப்பது அவர் தொழில். அதே தொழிலில் இருக்கிற யாராவது, அரை மணி நேரம் கொடுங்கண்ணே என்று வந்து நின்றால் மிஷின் கிடைக்காது. அறிவுரை மட்டும் தாராளமாகக் கிடைக்கும்.

“பிட்டு மாத்துறப்ப சுவிட்ச நடுவுல தள்ளிப் பூட்டணும்யா. பேட்டரியக் கழட்டிட்டா இன்னும் நல்லது. தெரியாம விரல் பட்டுருச்சுன்னா அது சுத்தத்தான் செய்யும். உன் கை, என் கைன்னு பாக்காது” என்பார். சூடாக இருக்கும் பேட்டரியைச் சார்ஜில் போடக் கூடாது. வெயிலில் வண்டி சீட்டின் மேல் வைக்கக் கூடாது. ஈரக் கையால் தொடக் கூடாது. கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் ஒரு திருகாணிகூட முடுக்கக் கூடாது. சாயங்காலம் வேலை முடிந்ததும் பழைய பல் தேய்க்கிற பிரஷை எடுத்து, காற்றுப் போகிற துவாரங்களில் அடைந்த தூளையெல்லாம் தட்டி, துணியால் துடைத்து, பெட்டிக்குள் படுக்க வைத்த பிறகுதான் காபி குடிப்பார். அவர் மனைவி ஹம்சவேணி வீட்டுச் சௌராஷ்டிர பாஷையில், அதற்கு ஒரு தொட்டிலும் கட்டிவிடுங்களேன் என்று கேலி பேசுவாள்.

இப்படிப்பட்ட மனுஷர் ஒரே ஒரு காரியத்தில் மட்டும் அத்தனை சட்டத்தையும் பரணில் தூக்கிப் போட்டுவிடுவார். ஊருக்குத்தான் உபதேசம் என்று சும்மாவா சொன்னார்கள்.

மிஷினோடு கூடவே வந்த முதல் பிட்டு அது. பிட்டு என்றால் மிஷினின் மூக்கில் செருகுகிற இரும்பு முனை. திருகாணித் தலையில் பொருந்தி உட்கார்ந்து அதைத் திருப்புவது அதுதான். வாங்கிய வருஷம் ஆயுத பூஜையன்று முதல் சந்தனமும் குங்குமமும் அதற்குத்தான் வைத்தார். அந்த ஐப்பசியில் வேலை வந்து குவிந்தது. ஒரு வருஷம் எல்லா வேலைக்கும் அதுவே ஓடியது. முனை மழுங்க ஆரம்பித்த பிறகும் தூக்கிப்போட மனம் வரவில்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் நல்ல நேரம் பார்த்து, கற்பூரம் காட்டச் சொல்லி, முதல் திருகாணியை அந்த ராசிப் பிட்டால்தான் முடுக்குவார். அப்புறம் அதைக் கழற்றி, துணியில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மற்ற வேலைக்கெல்லாம் புதுப் பிட்டு போடுவார்.

“அண்ணே, அது மொழுக்குன்னு ஆயிருச்சுண்ணே. திருகாணித் தலையத் திங்குது. சாமி படத்துக்கிட்ட வச்சுக் கும்பிட்டுக்கங்க, வேலைக்கு வேணாம்” என்று கண்ணுச்சாமி எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தான். கண்ணுச்சாமி அவருடன் ஆறு வருஷமாக வேலை செய்கிறவன். உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு சின்ன ஊரிலிருந்து தினமும் முதல் பஸ்ஸில் வருவான். முப்பத்திரண்டு வயது. அவர் ஏணியில் நிற்க, அவன் கீழே தாங்கிப் பிடிக்க, இரண்டு பேருமாக மதுரையில் பூட்டாத அலமாரி இல்லை என்று சொல்லலாம்.

“வீட்டுக்கு ஒரு திருகுதானப்பா. ஒரு திருகு என்ன செஞ்சிரப்போகுது” என்பார் லட்சுமிநாராயணன்.

அது இரண்டாயிரத்து ஆறாம் வருஷத்து ஆவணி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. விளாங்குடியில் பஞ்சாபகேசன் என்று, பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் புது வீடு கட்டியிருந்தார். சமையலறையின் முதல் மேல் அலமாரியைச் சுவரில் பூட்ட வேண்டும். பத்தரைக்கு ராகுகாலம். மணி பத்து இருபது ஆகிவிட்டிருந்தது. பஞ்சாபகேசனின் மனைவி தர்மாம்பாள் கற்பூரத் தட்டை எடுத்து வந்தார். கண்ணுச்சாமி கண்ணாடியை நெற்றிக்கு மேலே ஏற்றிவிட்டு, ஜுவாலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

“நாழியாறது, ஆரம்பிச்சுடுங்கோ” என்றார் பஞ்சாபகேசன்.

கண்ணுச்சாமி அவசரமாக அலமாரியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தான். கண்ணாடி நெற்றியிலேயே இருந்தது. ஏணியில் நின்ற லட்சுமிநாராயணனின் கண் கடிகாரத்தின் மேல் இருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

திருகாணி பாதி வரை இறங்கியது. அதற்கு மேல் ராசிப் பிட்டு பிடிக்கவில்லை. கரகரவென்று தலையைச் சுரண்டிக்கொண்டு வெறுமனே சுற்றியது. வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால், நிறுத்து, பிட்டை மாற்று என்று கையிலிருந்து மிஷினைப் பிடுங்கியிருப்பார். முதல் திருகாணியைப் பாதியில் நிறுத்துவது அவருக்கு ஆகாது. உடம்பு பாரத்தையெல்லாம் கொடுத்து அழுத்தினார். வெள்ளை வெளேரென்று பளபளத்துக்கொண்டு ஊசி மாதிரி நாலைந்து பிசிறுகள் கீழே உதிர்ந்தன. கண்ணுச்சாமி ‘ஸ்’ என்று இடது கண்ணை மூடிக்கொண்டான். ஆனால் அலமாரியை விடவில்லை. திருகாணி ஒரு வழியாக உட்கார்ந்தது.

“என்னண்ணே விழுந்துச்சு கண்ணுல?”

லட்சுமிநாராயணனுக்கு நன்றாகத் தெரிந்தது. திருகாணித் தலை பிய்ந்து கிடந்தது. அலமாரி விளிம்பில் ஒரு பிசிறு இன்னும் மின்னிக்கொண்டிருந்தது. தர்மாம்பாளின் முகம் மாறிவிட்டதையும் பார்த்தார். அந்த அம்மாள் கற்பூரத் தட்டை இறுகப் பிடித்துக்கொண்டு, “என்ன ஆச்சு? முதல்லயே இப்படி” என்று இழுத்தார்.

“ஒண்ணும் இல்லம்மா. மரத்தூள்தான்” என்றார் லட்சுமிநாராயணன்.

வாய் தவறி வந்த சொல் என்று அவர் பிற்பாடு தனக்குத்தானே சமாதானம் சொல்லிப் பார்த்ததுண்டு. தவறவில்லை. பார்த்து, யோசித்து, எடுத்துச் சொன்ன சொல்தான் அது. புது வீட்டில், நல்ல நேரத்தில், ராசிப் பிட்டால் ஒருவன் கண்ணில் இரும்பு விழுந்தது என்று அந்த அம்மாள் முன்னால் அவரால் சொல்ல முடியவில்லை. தனியாக இருக்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். கண்ணுச்சாமி குழாயடியில் கண்ணைக் கழுவிவிட்டு, உறுத்துகிறது, போய்விடும் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே வேலைக்கு வந்தான். மத்தியானமும் லட்சுமிநாராயணன் உண்மையைச் சொல்லவில்லை. சாயங்காலமும் சொல்லவில்லை. இப்போது சொன்னால் அப்போது ஏன் சொல்லவில்லை என்று கேட்பானே என்று அவர் தயங்கித் தயங்கி நிற்பதற்குள் அவன் ஆரப்பாளையத்தில் பஸ் ஏறிப் போய்விட்டான்.

சனிக்கிழமை அவன் வேலைக்கு வரவில்லை. திங்கட்கிழமையும் வரவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் அவன் மனைவி செல்லத்தாய் டெலிபோன் பூத்திலிருந்து கூப்பிட்டாள். கண் ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார்களாம். லட்சுமிநாராயணன் போட்டது போட்டபடி ஓடினார்.

கண்ணுச்சாமியின் இடது கண் வீங்கித் திறக்க முடியாமல் இருந்தது. டாக்டர் அம்மாள் அவன் முகத்தைக் கருவியில் வைத்து வெகுநேரம் பார்த்தார். என்ன விழுந்தது என்று கேட்டதற்கு அவன், “மரத்தூள்ங்கம்மா” என்றான்.

“மரத்தூள் இல்லப்பா, இரும்பு. கருவிழியில குத்தி நிக்குது, சுத்திப் புண்ணாயிருச்சு. வேற ஏதாச்சும் செஞ்சீங்களா?”

செல்லத்தாய் தயங்கித் தயங்கிச் சொன்னாள். ஊரில் முனியாயி என்ற கிழவி கண்ணில் விழுந்த தூசியை நாக்காலேயே எடுத்துவிடுவாளாம். வெறும் மரத்தூள் என்றுதானே அண்ணன் சொன்னார் என்று செல்லத்தாய்தான் அவனை அங்கே கூட்டிப்போயிருக்கிறாள். முனியாயி எதையோ எடுத்துக் கையில் காட்டியும் இருக்கிறாள். அதனால் மூன்று நாள் பேசாமல் இருந்துவிட்டார்கள்.

“அன்னைக்கே வந்திருந்தா அஞ்சு நிமிஷ வேலைம்மா இது” என்றார் டாக்டர். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

கண்ணுச்சாமி மனைவி பக்கம் திரும்பினான். “உன் பேச்சக் கேட்டேன் பாரு” என்றான். அவ்வளவுதான் சொன்னான். செல்லத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். லட்சுமிநாராயணன் சுவரில் மாட்டியிருந்த கண் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

இரண்டு தடவை ஆபரேஷன் செய்தும் பார்வை திரும்பவில்லை. லட்சுமிநாராயணன் மழுங்கிய பிட்டை வைகைப் பாலத்திலிருந்து ஆற்று மணலில் வீசினார். வேறு ஆட்களை வைத்து வேலை பார்த்தார். யாரிடமும் மிஷினைப் பற்றிப் புத்திமதி சொல்வதில்லை. ராத்திரிச் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோகிற புருஷனைப் பார்த்து ஹம்சவேணி, என்ன என்று கேட்டு அலுத்துப்போனாள்.

தை பிறந்தால் வேலை குவியும். கண்ணுச்சாமி மறுபடி வந்தால் அவனால் ஆன வேலையைச் செய்யலாம், இன்னொரு கண்தான் நன்றாக இருக்கிறதே என்று நினைத்து, மார்கழிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை லட்சுமிநாராயணன் உசிலம்பட்டி பஸ் ஏறினார். வேலைக்குக் கூப்பிடத்தான் போனார். வேறு எதையும் சொல்கிற எண்ணத்தோடு போகவில்லை. அதை மறைப்பானேன்.

வீட்டு வாசலில் வேப்பமரத்தடியில் கட்டிலைப் போட்டுக் கண்ணுச்சாமி உட்கார்ந்திருந்தான். “வாங்கண்ணே, வாங்க” என்று எழுந்தான். இடது கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது. செல்லத்தாய் தண்ணீர்ச் செம்பைக் கொண்டுவந்து கொடுத்தாள். பாதியாக இளைத்துப்போயிருந்தாள்.

“சோறு ஆயிருச்சுண்ணே. நீங்களும் சாப்புடுங்க, அவுகளையும் சாப்புடச் சொல்லுங்க” என்றாள்.

புருஷன் மூன்றடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிறான். லட்சுமிநாராயணன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“எனக்குப் பசிக்கலன்னு சொல்லுங்கண்ணே” என்றான் கண்ணுச்சாமி.

அவள் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டாள். லட்சுமிநாராயணன் மெதுவாகக் கேட்டார். “என்னப்பா இது?”

“நாலு மாசமாப் பேசலண்ணே. பேச வாய் வரமாட்டேங்குது. அந்தக் கிழவிகிட்டக் கூட்டிட்டுப் போயி இம்புட்டையும் செஞ்சவ அவதான. எங்காத்தா தினமும் அதையே சொல்லிச் சொல்லி ஏசுது. அவளும் ஒரு வார்த்த எதுத்துப் பேச மாட்டேங்குறா. நாந்தான் கெடுத்தேன், நாந்தான் கெடுத்தேன்னு அடுப்படியில ஒக்காந்து அழுகுறா.”

லட்சுமிநாராயணன் கையில் இருந்த செம்பைக் கீழே வைத்தார். ஒரு கண் போனது விதி என்று இத்தனை நாள் எப்படியோ மனத்தைத் தேற்றிவந்தார். மரத்தூள் என்ற அந்த ஒரு சொல் இந்த வீட்டுக்குள்ளே இன்னும் இப்படி வேலை செய்துகொண்டிருக்கும் என்று அவர் நினைக்கவேயில்லை. பேசாமல் எழுந்து போய்விடலாம். பஸ்கூட இருக்கிறது. உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது.

“கண்ணுச்சாமி, அன்னைக்கு விழுந்தது இரும்புன்னு எனக்குத் தெரியும்” என்றார். “பிசிறு உதிர்ந்தத நான் பாத்தேன். அந்த வீட்டம்மா முகத்தப் பாத்துட்டு மரத்தூள்னு சொன்னேன். அப்புறம் சொல்லலாம், அப்புறம் சொல்லலாம்னு விட்டுட்டேன். டாக்டரம்மா கேட்டப்பவும் நான் அங்கதான் நின்னேன்.”

கண்ணுச்சாமியின் நல்ல கண் அவர் முகத்திலேயே நின்றது. அடிப்பான் என்று நினைத்தார். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தார்.

“மரத்தூள்தான், அண்ணன் பாத்துட்டுச் சொன்னாருன்னு அவகிட்ட நாந்தான் சொன்னேன்” என்றான் கடைசியில். “ஆஸ்பத்திரிக்குப் போவோமான்னுதான் அவ மொதல்ல கேட்டா. மரத்தூளுக்கு எதுக்குடி ஆஸ்பத்திரின்னு வஞ்சேன். அதனாலதான் முனியாயிகிட்டக் கூட்டிட்டுப் போனா.”

பிறகு வீட்டுப் பக்கம் திரும்பி, “செல்லத்தாயி” என்று கூப்பிட்டான்.

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. அவள் வரவில்லை. தன்னைத்தான் கூப்பிட்டானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்திருக்க வேண்டும். அவன் இன்னொரு முறை கூப்பிட்ட பிறகு ஈரக் கையோடு வாசலில் வந்து நின்றாள்.

“அண்ணன் ஒண்ணு சொல்றாரு, கேளு” என்றான்.

முதல் தடவை சொன்னதைவிட இரண்டாம் தடவை சொல்வது லட்சுமிநாராயணனுக்குக் கடினமாக இருந்தது. அவளுடைய முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகச் சொல்லி முடித்தார். செல்லத்தாய் அவரைத் திட்டவில்லை. அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. புருஷனையே பார்த்தாள்.

“அப்ப நான் ஒண்ணும் பண்ணலையா?” என்று கேட்டாள்.

அவள் மறுபடியும், குரல் உடைந்துபோய், “சொல்லுங்க, நான் ஒண்ணும் பண்ணலையா?” என்றாள். ஆமாம், நீ ஒன்றும் செய்யவில்லை என்று அவன் தலையை மட்டும் ஆட்டினான். நல்ல கண்ணிலிருந்தும் கெட்ட கண்ணிலிருந்தும் தண்ணீர் வழிந்தது. அவள் நின்ற இடத்திலேயே நிலைப்படியில் உட்கார்ந்து முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு விம்மி விம்மி அழ ஆரம்பித்தாள். அவன் எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

லட்சுமிநாராயணன் செருப்பை மாட்டிக்கொண்டார். போங்கள் என்றும் யாரும் சொல்லவில்லை, இருங்கள் என்றும் சொல்லவில்லை.