கோகா சௌக்கியமா?

நகுமோ யாசுகியின் நாக்கில் அன்றைக்குச் சனி உட்கார்ந்திருந்தது. வருடக் கடைசி விருந்து. பம்பு கம்பெனியின் விற்பனைப் பிரிவே வரிசையாக உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தது. பிரிவுத் தலைவர் கோண்டோ கோசோவின் கிண்ணத்தில் சாக்கே ஊற்றிக்கொண்டே அவன் சொல்லிவிட்டான், மார்ச்சில் பிறக்கப்போகும் தன் குழந்தைக்குத் தலைவர்தான் பெயர் சூட்டும் பெயர்த்தகப்பனாக இருக்க வேண்டும் என்று.

இப்படிச் சொல்வது மரியாதைக்குத்தான். கேட்டவர் மூக்குக்கு முன்னால் கையை ஆட்டி, எனக்கென்ன தகுதி என்பார். சொன்னவன் தலையைக் குனிவான். மறுநாள் இருவருக்கும் அது ஞாபகம் இருக்காது. கோண்டோவோ கிண்ணத்தைக் கீழே வைத்தார். முழங்காலை மடித்து முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார்.

"ஏத்துக்கிட்டேன்" என்றார்.

மேஜை முழுக்கப் பேச்சு நின்றது. யாசுகி ஜாடியைப் பிடித்தபடியே தலையைக் குனிந்தான்.

பாவம் கோண்டோ, அவருக்கும் ஒரு குறை இருந்தது. இரண்டு பெண்கள், ஒரு நாய். மூன்றுக்கும் அவர் மனைவிதான் பெயர் வைத்தார். நாய்க்கு ஒரு பெயர் யோசித்துக்கொண்டு போனபோது நாய் ஏற்கெனவே வேறு பெயருக்கு வாலாட்டிக்கொண்டிருந்ததாம். அந்த மனுஷருக்கு இப்போது ஒரு குழந்தை கிடைத்துவிட்டது. விடுவாரா? அடுத்த மூன்று மாதம் பம்பு விற்றதோ இல்லையோ, ஆலோசனைக் கூட்டங்களில் எந்த எழுத்துக்கு எத்தனை கோடு என்று எண்ணும் வேலை மும்முரமாக நடந்தது. நகுமோ என்ற குடும்பப் பெயரை எழுத இருபத்தொரு கோடு. அதோடு எத்தனை சேர்ந்தால் யோகம், எத்தனை சேர்ந்தால் கெடுதல் என்று ராசிப் புத்தகம் வைத்துக்கொண்டு கூட்டிப் பார்த்தார்கள். ஆண், பெண் எதுவானாலும் தன் பெயரின் முதல் எழுத்தான 'கோ' அதில் இருக்க வேண்டும் என்பதில் மட்டும் கோண்டோ உறுதியாக இருந்தார். அந்த எழுத்துக்குக் கெட்டி, திடம் என்று பொருள்.

பெண் பிறந்தது. கெட்டி என்ற எழுத்தோடு பூ என்ற எழுத்தைச் சேர்த்து 'கோகா' என்று முடிவாயிற்று. மொத்தம் நாற்பத்தொரு கோடு, ராஜயோகம். கெட்டிப் பூ! வாடாது என்று கணக்குப் பிரிவுக்காரர் வந்து கை குலுக்கிவிட்டுப் போனார்.

யாசுகியின் மனைவி சயோ பிரசவத்துக்குப் பிறந்தகம் போயிருந்தாள், மீன்பிடி ஊர். வயிற்றில் இருந்தபோது பொக்கு பொக்கென்று உதைத்ததால் குழந்தையைப் 'போக்கோ' என்று கொஞ்சிக்கொண்டிருந்தாள். பிறந்த அன்று காலையில் காற்று விழுந்து கடல் அசையாமல் கிடந்ததாம். அதனால் நாகி என்று வைக்க ஆசைப்பட்டாள். அடங்கிய கடல் என்று பொருள். யாசுகி போனிலேயே கூட்டிப் பார்த்து, நாகி என்றால் மொத்தம் இருபத்தேழு கோடுதான் வருகிறது, ஆகாது, தலைவர் ஒப்ப மாட்டார் என்றான்.

"ஏங்க, நீங்க பேர் தேடுறது பிள்ளைக்கா, உங்க பதவி உயர்வுக்கா?" என்று கேட்டாள் சயோ.

ஏழாம் நாள் பெயர் விழாவுக்குக் கோண்டோ ரயிலேறி வந்தார். பெயரைத் தூரிகையால் தானே எழுதி, சட்டம் போட்டு, பட்டுத்துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். எழுத்து அழகாகத்தான் இருந்தது, அதைக் குறை சொன்னால் வாய் வெந்துபோகும். சிவப்பு மீன் வாங்க மாமனாரோடு துறைக்குப் போயிருந்த யாசுகி திரும்பி வந்தபோது, சயோவும் கோண்டோவும் எதிரெதிரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். தலைவரின் முகம் கொஞ்சம் வெளுத்திருந்தது. ரயில் களைப்பு என்று நினைத்தான். ஆனாலும் மனுஷர் பயறுச் சோறு இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

பதினான்கு நாளுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். பதின்மூன்றாம் நாள் யாசுகி மாமனார் வீட்டுக்கு வந்து, டாக்டர் கையெழுத்துப் போட்ட படிவத்தைக் கேட்டான். சயோ, ஒன்றும் எழுதாத வேறொரு படிவத்தை நீட்டி, முதலில் இதில் பெயரை எழுதுங்கள் என்றாள். அவன் குழந்தையைப் பார்த்தான். சுவரில் மாட்டியிருந்த சட்டத்தைப் பார்த்தான். பேனாவை எடுத்து 'கோகா' என்று எழுதினான்.

சயோ அதை வாங்கிப் படித்தாள். நான்காக மடித்து, தொப்புள்கொடி வைத்திருந்த சின்ன மரப்பெட்டியில் போட்டு மூடினாள்.

"மூணாம் நாளே எங்கப்பா கொண்டுபோய்க் குடுத்துட்டார். நாகின்னு. நீங்க என்ன எழுதுவீங்கன்னு பாக்கத்தான் காத்திருந்தேன்."

அவனுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அவமானமாவது வந்திருக்க வேண்டும். வந்ததோ, அப்பாடா என்ற நிம்மதி. அதுவும் ஒரு நிமிஷம்தான். உடனே, தலைவருக்குத் தெரியக் கூடாது என்று கையெடுத்துக் கும்பிட்டான். சயோ அவனை ஒரு பார்வை பார்த்தாள்.

ஐந்து வருஷம் ஓடிற்று. நாகி என்று பெயர் எழுதிய குழந்தையின் மருத்துவக் காப்பீட்டு விண்ணப்பத்தை நாற்பது காகிதத்துக்கு நடுவில் செருகிவைத்தான். கோண்டோ பார்க்காமலே முத்திரை குத்தினார், பிழைத்தான். தினமும் காலையில் அவன் மேஜைப் பக்கம் நின்று, "கோகா சௌக்கியமா?" என்று கேட்பார். "உங்க ஆசீர்வாதத்துல நல்லா இருக்கா சார்" என்பான். வீட்டில் போக்கோ, பள்ளியில் நாகி, ஆபீசில் கோகா. ஒரே பிள்ளைக்கு மூன்று பெயர் வைத்துக்கொண்டு, எங்கே எது என்று குழம்பாமல் இருப்பதே அவனுக்குப் பெரிய வேலையாயிற்று.

கோண்டோ ஓய்வு பெற்றார். வழியனுப்பு விருந்தில் யாசுகியைப் பக்கத்தில் உட்காரவைத்துக் குரலைத் தாழ்த்தினார்.

"அன்னிக்கு நீ மீன் வாங்கப் போனப்பவே வேற பேர் பதிஞ்சாச்சுன்னு உன் வீட்டம்மா சொல்லிட்டாங்க. எனக்கு முகத்துக்கு நேரா வேண்டாம்னு சொன்னது, என் பொண்டாட்டிக்கு அப்புறம் அவங்க ஒருத்தங்கதான். ரெண்டு நாள் கோபமா இருந்துச்சு. அப்புறம், நீயா வந்து சொல்லுவேன்னு பாத்தேன். தினம் கேட்டேனேப்பா."

எதிரே புதிய தலைவர் உட்கார்ந்து இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளையிலேருந்து நான் உனக்கு யாருமில்ல. இப்பவாவது சொல்லு. உன் பொண்ணு பேரு என்ன?"

பெயர் பல்லுக்குப் பின்னால் வரை வந்தது. இரண்டே எழுத்து. அறுபது பேர் குடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள், யாருக்கும் அது கேட்கப்போவதுகூட இல்லை.

"நீங்க எப்படிக் கூப்பிட்டாலும் சரிதான் சார்" என்றான்.

கோண்டோ அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஜாடியை எடுத்து, முதல் தடவையாக அவன் கிண்ணத்தில் தன் கையால் ஊற்றினார்.

"நாகியைக் கேட்டேன்னு சொல்லு" என்றார்.

யாசுகி வழக்கம்போலத் தலையைக் குனிந்தான்.