இடது பக்கச் சக்கரம்

பின்கண்ணாடியில் படகு ஆடுவதை முதலில் கவனித்தது எலக்ட்ரீஷியனின் மனைவிதான். வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தவளும் அவள்தான். "என்னங்க, பின்னாடி படகு தலையை ஆட்டுது" என்று சொல்லிக்கொண்டே வேகத்தைக் குறைத்துச் சாலையோரம் இறக்கினாள். வண்டி நிற்பதற்குள் பின்சீட்டிலிருந்த அவள் தம்பி கதவைத் திறந்து குதித்துவிட்டான். வீட்டில் அவனுக்கு 'அவசரம்' என்றுதான் பெயர். சோறு வேகும் முன்பே தட்டைப் போட்டுக்கொண்டு உட்காருகிற ஆள்.

படகை ஏற்றி வந்த டிரெய்லரின் இடது சக்கரம் கோணிக்கொண்டு நின்றது. அதைப் பிடித்திருந்த ஐந்து போல்ட்டுகளில் மூன்று முறிந்திருந்தன. மிச்சமிருந்த இரண்டில் ஒன்றில் நட்டையே காணோம். இன்னொன்றில் நட்டு கடைசிப் புரியில் தொற்றிக்கொண்டிருந்தது. சற்றுமுன் ஒரு பள்ளி வேன் எதிரே வந்து கடந்துபோனது எலக்ட்ரீஷியனுக்கு நினைவு வந்தது.

அப்போது மணி பன்னிரண்டு. மூன்று மணிக்குத் துறைமுகத்தில் பரிசோதகர் வந்து படகைத் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பார். அவர் கையெழுத்துப் போட்டால் அவசரம் திங்கட்கிழமை முதல் எதிரேயுள்ள தீவுக்குப் பன்னிரண்டு பேரை ஏற்றிப்போகலாம். இன்றைக்கு விட்டால் அடுத்த தேதி மூன்று மாதம் கழித்துத்தான். இதை நம்பித்தான் அவன் கிடங்கு வேலையை விட்டிருந்தான்.

"யாருடா இந்தச் சக்கரத்தை மாட்டினது?" என்று அக்கா கேட்டாள். கேட்கும்போதே தம்பியைத்தான் பார்த்தாள். போன ஞாயிற்றுக்கிழமை மச்சானும் மச்சினனுமாகச் சக்கரங்களுக்குப் பெயின்ட் அடித்து, ஆளுக்கு ஒன்றாக மாட்டியிருந்தார்கள். தம்பி தலையைச் சொறிந்தான். எந்தப் பக்கம் தான் மாட்டியது என்று ஞாபகமில்லை என்றான். "அப்ப நீதான்" என்று அவள் முடித்துவிட்டாள்.

எலக்ட்ரீஷியன் ஜாக்கியை எடுக்கப் போனார்.

வலது சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல்லை அண்டக்கொடுத்து, இடது பக்கத்தைத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றினார்கள். நடுவிலிருந்த மூடியைத் தட்டி எடுத்து, கொண்டை ஊசி மாதிரி வளைந்திருந்த பின்னை நிமிர்த்தி உருவி, பெரிய நட்டைத் திருகி எடுத்ததும் போல்ட்டுகள் பதிந்திருந்த ஹப் முழுசாகக் கையில் வந்தது. பேரிங்குகளில் மண் படாமல் துணியில் சுற்றி வைத்தார். ஹப்பைக் கல்மேல் நிறுத்தி, முறிந்த போல்ட்டின் முனையில் சுத்தியலால் நாலு போடு போட்டார். ஒன்று பின்பக்கமாகக் கழன்று விழுந்தது. அதை மாதிரிக்கு எடுத்துக்கொண்டு, வந்த வழியில் பார்த்த உதிரிபாகக் கடைக்கு ஓடினான் அவசரம். எதிரே வந்த சரக்கு வண்டிக்காரர் அவன் கை காட்டியதைப் பார்த்தே நிறுத்திவிட்டார்.

அவன் போனபிறகுதான் எலக்ட்ரீஷியனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மிச்ச போல்ட்டுகளையும் தட்டி எடுத்தார். நல்லதாகத் தெரிந்த இரண்டையும் விட்டுவைக்கவில்லை. ஐந்து போல்ட்டின் சுமையை இரண்டே தாங்கியிருக்கின்றன, அவையும் உள்ளுக்குள் விட்டுப்போயிருக்கும். பழைய சக்கரத்தின் துளைகள் முட்டை வடிவத்துக்கு அகன்றிருந்தன. ஸ்டெப்னியை இறக்கி வைத்தார். பிறகு எழுந்து படகைச் சுற்றி நடந்தார். கயிற்று முடிச்சுகளை இழுத்துப் பார்த்தார். மணி பார்த்தார். மறுபடி சுற்றினார்.

"கொஞ்சம் நிழல்ல உட்காருங்களேன்" என்றாள் மனைவி. "அவனை நம்பி ஒரு காரியத்தை விட முடியுதா சொல்லுங்க. நீங்களே ரெண்டையும் மாட்டியிருந்தா இப்படி ஆகியிருக்குமா?"

அவர் துணியால் ஹப்பைத் துடைத்தார். துடைத்ததையே துடைத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசல் கேட்டுக்குப் பக்கமாக இருந்தது இடது சக்கரம். மாட்டியது அவர்தான். ஐந்து நட்டையும் விரலால் திருகிவிட்டு ஸ்பானரைக் கையில் எடுத்த நேரம் போன் வந்தது. வேலை நடக்கிற கட்டடத்தில் யாரோ மீட்டர் போர்டைக் கருக்கிவிட்டார்கள். அரைமணி நேரம் தெருவில் நின்று கத்திவிட்டு வந்து பார்த்தபோது, மச்சினன் ஜாக்கியை இறக்கிச் சாமான்களை ஒதுங்கவைத்திருந்தான். எல்லாம் முடிந்தது என்று அவரும் கை கழுவினார். இன்று கடைசிப் புரியில் தொங்கிய அந்த ஒற்றை நட்டைப் பார்த்த கணமே எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. அப்போதே சொல்லியிருந்தால் ஒரு மூச்சில் போயிருக்கும். ஜாக்கியை எடுத்துவிட்டுச் சொல்லலாம் என்று தள்ளினார். அவன் கடைக்குப் போய்விட்டு வரட்டும் என்று தள்ளினார். தள்ளத் தள்ள வாய் கனத்துக்கொண்டே போனது. 'அவர் கை பட்டா தப்பே வராது' என்று பதினான்கு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிற வீடு அது.

ஒன்றேகால் மணிக்கு யாருடைய பைக்கிலோ பின்னால் தொற்றிக்கொண்டு வந்து இறங்கினான் அவசரம். கையில் ஐந்து புது போல்ட்டு, ஐந்து நட்டு. வழக்கம்போல் ஓடி வரவில்லை. நடந்து வந்தான்.

புது போல்ட்டைப் பின்பக்கமிருந்து நுழைத்து, முன்பக்கம் வாஷர்களை அடுக்கி, நட்டைப் போட்டு இறுக்கினால் அது கொஞ்சம் கொஞ்சமாக இழுபட்டு ஹப்பில் உட்காரும். எலக்ட்ரீஷியன் இறுக்க, அவன் ஹப்பைப் பிடித்துக்கொண்டான். மூன்றாவது போல்ட்டு உட்கார்ந்தபோது அவன் சொன்னான்.

"அக்கா, திரும்பிப் போயிடலாம்."

"என்னடா உளர்ற?"

"வழியெல்லாம் யோசிச்சேன். ஒரு சக்கரத்தை ஒழுங்கா முடுக்கத் தெரியாதவன் பன்னிரண்டு உசுரைக் கடல்ல கூட்டிட்டுப் போகலாமா? கிடங்குல கேட்டா திரும்பச் சேர்த்துக்குவாங்க."

திட்டியதெல்லாம் அக்காவுக்கே சுட்டிருக்க வேண்டும்.

எலக்ட்ரீஷியன் ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"மாப்ள, இந்தச் சக்கரத்தை மாட்டினது நான்."

இருவரும் அவரைப் பார்த்தார்கள்.

"போன் வந்துச்சு. பாதியில விட்டுட்டுப் போயிட்டேன். வண்டி நின்ன உடனேயே தெரியும் எனக்கு. சொல்லல."

ஒரு லாரி காற்றை அடித்துக்கொண்டு போனது. அவசரம் அவர் முகத்தைப் பார்த்தான். கோபப்படுவான் என்று அவர் காத்திருந்தார். பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் குனிந்து ஸ்பானரை எடுத்தான்.

"தள்ளுங்க அத்தான். நான் முடுக்குறேன்."

மிச்ச இரண்டு போல்ட்டையும் அவனே உட்காரவைத்தான். ஹப்பை மாட்டி, பெரிய நட்டை இறுக்கிப் பின் சற்றே தளர்த்தி, கையால் சுழற்றிப் பார்த்து, பின்னை வளைத்தான். ஸ்டெப்னியை ஏற்றி, ஐந்து நட்டையும் ஒன்றுவிட்டு ஒன்றாக, எதிரெதிராக முடுக்கினான். ஜாக்கியை இறக்கியபின் மறுபடி ஒரு சுற்று. அவனை யாரும் அவசரப்படுத்தவில்லை.

புறப்பட்டபோது மணி இரண்டு. பத்து நிமிடம் ஓடியதும் அவன் நிறுத்தச் சொன்னான், இறங்கி நட்டுகளைச் சோதித்தான், ஏறிக்கொண்டான். துறைமுகம் கண்ணில் படும்போதுதான் அக்கா கணவரிடம், சாலையைப் பார்த்தபடியே, தணிந்த குரலில் சொன்னாள்:

"ஒரு மணி நேரம் அவனை என் வாயில விட்டுட்டு நின்னீங்க."

மூன்று பத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். நல்லவேளை, பரிசோதகருக்கு முன்னால் இன்னொரு படகு இருந்தது. இவர்கள் முறை வந்ததும் மிதவைச் சட்டைகளை எண்ணினார், இன்ஜினை ஓடவிட்டார், அடிப்பலகையைத் தட்டிக் கேட்டார், கையெழுத்துப் போட்டார். படகில் நின்றிருந்த அவசரம் காகிதத்தை வாங்கி மடித்து, அக்காவைப் பார்த்து மட்டும் சிரித்தான்.

திங்கள் போயிற்று, செவ்வாய் போயிற்று. முதல் பயணம் எப்படிப் போனது என்பதை மனைவி போனில் கேட்டு முடித்து வைத்த பிறகு, அவள் முகத்தைப் பார்த்துத்தான் எலக்ட்ரீஷியன் தெரிந்துகொண்டார். வியாழக்கிழமை காலை அவருக்கே போன் வந்தது.

"அத்தான், படகுல பின் விளக்கு எரியல. வர்றீங்களா?"

காப்பியைக்கூடக் குடிக்காமல் பையை எடுத்துக்கொண்டு போனார். வயரைப் பிரித்து, அரித்துப்போன முனையை வெட்டி, புதிதாக இணைத்தார். மேல்மூடியின் நான்கு திருகாணிகளையும் அவர் போட்டு முடிக்கும்வரை மச்சினன் பக்கத்தில் நின்று கண் எடுக்காமல் பார்த்தான். அவர் எழுந்ததும் குனிந்து, நான்கையும் விரலால் ஒருமுறை திருகிப் பார்த்தான். அவர் காத்துக்கொண்டு நின்றார்.

"சரி அத்தான்" என்றான். "ஏறுங்க, ஒரு சுத்து போயிட்டு வரலாம்."