தங்கை முந்திக்கொண்டாள்

சலவைக்கூடத்தில் இஸ்திரி போடும் அம்மாவுக்கு இரண்டு பெண்கள். மூத்தவளுக்குப் பதினாலு வயது. வீட்டில் அவளைக் குச்சி என்பார்கள். இளையவளுக்குப் பதினொன்று. வாட்டசாட்டமான உடம்பு, அக்காவைவிட அரைச் சாண் உயரம். கடைக்காரர்கள் குச்சியைக் காட்டி, "உன் தங்கச்சியா?" என்று இளையவளிடம் கேட்பார்கள். குச்சிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

குச்சியின் வகுப்பில் அவளைத் தவிர எல்லோரும் வயதுக்கு வந்தாகிவிட்டது. என்றைக்காவது தேவைப்படும் என்று அம்மா வாங்கிக் கொடுத்த நாப்கின் பாக்கெட் ஒரு வருஷமாகப் பிரிக்காமல் பள்ளிக்கூடப் பையிலேயே கிடந்தது.

அன்று சனிக்கிழமை. அம்மா வேலைக்குப் போயிருந்தாள். குளியலறைக்குள் போன இளையவள் அரைமணி நேரமாகியும் வெளியே வரவில்லை. குச்சி கதவைத் தட்டினாள். உள்ளேயிருந்து அழுகைக் குரல் வந்தது.

"அக்கா, ரத்தம் வருது. நான் எங்கயும் விழவே இல்ல."

குச்சிக்கு விஷயம் புரிந்துவிட்டது. மூன்று வருஷம் பின்னால் பிறந்தவள் இதிலும் முந்திக்கொண்டாளே! ஆனாலும் அழுகிறவளிடம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ள மனம் வரவில்லை. பாக்கெட்டைப் பிரித்து, கதவிடுக்கு வழியாக ஒன்றை நீட்டினாள். பயப்பட ஒன்றுமில்லை என்றும், எந்தப் பக்கம் ஒட்ட வேண்டும் என்றும், ஏதோ பத்து வருஷ அனுபவசாலிபோல வெளியே நின்றபடியே சொல்லிக்கொடுத்தாள்.

"உனக்கு எப்படிக்கா இதெல்லாம் தெரியும்?"

"படிச்சு வெச்சிருக்கேன்" என்றாள் குச்சி.

திங்கட்கிழமை அம்மா இருவரையும் டாக்டரம்மாவிடம் அழைத்துப்போனாள். இவளுக்கு ஏன் இவ்வளவு சீக்கிரம், அவளுக்கு ஏன் இவ்வளவு தாமதம் என்று ஒரே மூச்சில் கேட்டாள். டாக்டரம்மா இருவருக்கும் உயரமும் எடையும் பார்த்தார். பூசின உடம்புப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் கொஞ்சம் முன்னால் வரும், ஒல்லிப் பிள்ளைகளுக்குப் பின்னால் வரும் என்றார். அம்மாவுக்கு எந்த வயதில் வந்தது என்றும் கேட்டார். அம்மா தயங்கித் தயங்கி, பதினைந்தில் என்றாள். இத்தனை நாள் வீட்டில் இதைப் பற்றி மூச்சுவிட்டதில்லை.

குச்சியைப் பரிசோதித்துவிட்டு டாக்டரம்மா சிரித்தார். "உன் உடம்பு ஏற்கெனவே வேலைய ஆரம்பிச்சிடுச்சும்மா. பதினஞ்சு தாண்டியும் வரலன்னா என்கிட்ட வா. அதுவரைக்கும் நல்லா சாப்பிடு. நீ இன்னும் நல்லா வளருவ."

இளையவள் இனி மூன்று நான்கு விரற்கடைதான் உயரக்கூடும் என்றும் சொன்னார். அவள் முகம் தொங்கிப்போனது.

"அப்ப நீ என்னைத் தாண்டிடுவியாக்கா?" என்று பஸ்ஸில் சிணுங்கினாள்.

"தாண்டினாலும் தாண்டுவேன்" என்று குச்சி பெரிய மனசு பண்ணிச் சொன்னாள்.

இரண்டு நிறுத்தம் போவதற்குள் இளையவள் அசந்து தூங்கி, முழுப் பாரத்தையும் அக்கா தோளில் போட்டுவிட்டாள். குச்சி ஜன்னலோடு அப்பிப்போனாள். எழுப்பவில்லை.