படிக்கட்டுப் பெட்டிக்கு இரண்டு ஒயர்

அக்காவுக்கு மூன்று மணிக்கு நேர்காணல். கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேசுவார்கள். பார்சல் கம்பெனி ஒன்றில் பிரிப்புப் பகுதிக்கு மேற்பார்வையாளர் வேலை. அக்கா இருபத்திரண்டு வருடம் தபால் பிரிக்கும் ஆபீசில் இருந்தவள். அதை வேறு ஊர் ஆபீசோடு சேர்த்துவிட்டதால் இரண்டு வருடமாக வீட்டில் இருக்கிறாள். நாற்பத்தொன்பது வயதில் ஒருவர் கூப்பிடுவதே பெரிது, இதை விட்டால் இன்னொன்று வராது என்று அவள் நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இணைப்புக்கு நான் பொறுப்பு. இந்த வட்டாரத்தில் பாதி வீடுகளுக்கு இன்டர்நெட் ஒயர் இழுத்தவன் நான்தான். 'லைன்மேன்' என்று கூப்பிடுவார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடிக்காது, ஆனாலும் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பேன்.

"என் லைன் இருக்கும்போது உனக்கு என்னக்கா பயம்?" என்றேன்.

"உன் லைன்னுதான்டா பயம்" என்றாள்.

அந்த ஒரு வார்த்தைக்காகக் காலையிலேயே போய் இரண்டாவது ஒயர் இழுத்தேன். அக்கா வீடு இரண்டாவது மாடியில். கட்டடத்துக்கு வரும் இணைப்பு படிக்கட்டுக்கு அடியில் ஒரு பெட்டியில் வந்து நிற்கும். அங்கிருந்து வீட்டுக்கு ஒரு ஒயர். அக்கா வீட்டில் இன்னொரு சின்னப் பெட்டி, அதிலிருந்து கம்ப்யூட்டருக்கு. எலி கடித்தாலும் இன்னொன்று இருக்கட்டும் என்று படிக்கட்டுப் பெட்டியிலிருந்து இரண்டாவது ஒயரையும் கொண்டுவந்து மேசை ஓரத்தில் தொங்கவிட்டேன்.

சாப்பிடும்போது அக்கா கேட்டாள். "நான் இங்க பேசுறது அங்க எப்படிடா போகுது?"

"உன் மூஞ்சி, குரல் எல்லாத்தையும் துண்டு துண்டா வெட்டிடும். ஒவ்வொரு துண்டு மேலயும் யாருக்கு, யார்கிட்டேருந்து, எத்தனாவது துண்டுன்னு எழுதியிருக்கும். வழியில இருக்கிற பெட்டி அதைப் படிச்சுட்டு அடுத்த பெட்டிக்குத் தள்ளும். அங்க போனதும் வரிசைப்படி சேத்துக்குவாங்க."

"நடுவுல இருக்கிற பெட்டிக்கு முழு வழியும் தெரியுமா?"

"தெரியாது. அடுத்தது யாருன்னு மட்டும்தான் தெரியும்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்களுக்கும் அதேதான். வீடு எங்க இருக்குன்னு யாருக்குத் தெரியும்? எந்தப் பைல போடணும்னுதான் தெரியும். சரி, ஆளே தெரியலன்னா?"

"இந்த மாதிரி சின்னப் பெட்டின்னா, ஒயர் சொருகியிருக்கிற எல்லா வாசல்லயும் குரல் குடுக்கும், 'இது யாருது'ன்னு. பதில் வந்த வாசலை ஞாபகம் வச்சுக்கும்."

அத்தோடு விட்டிருக்கலாம். இரண்டு மணி இருபதுக்கு, சோதித்துப் பார்க்க, அதே இணைப்பில் இருந்த என் போனுக்குக் கூப்பிட்டுப் பேசினாள். படம் கண்ணாடி மாதிரி இருந்தது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. தொங்கிக்கொண்டிருந்த இரண்டாவது ஒயரையும் எடுத்து அவள் வீட்டுப் பெட்டியில் சொருகினேன். ஒன்று போனால் ஒன்று தானாகப் பிடித்துக்கொள்ளும் என்று கணக்கு.

படம் நின்றது. மேல்வீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. "லைன்மேன்! நெட் போச்சு!" கீழ்வீட்டிலிருந்தும் அதே குரல்.

கீழே ஓடினேன். படிக்கட்டுப் பெட்டியை நிறுத்திப் போட்டேன். வந்தது. ஒரு நிமிடத்தில் மறுபடி போனது. இன்டர்நெட் கம்பெனி ஆபீசுக்குப் போன் போட்டேன். "எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு, உங்க கட்டடத்தைப் பாருங்க" என்றார்கள். அவர்கள் என்றைக்குத்தான் வேறு சொன்னார்கள்! தெருமுனையில் யாரோ குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களோடு ஒரு சண்டை. கம்பத்தில் ஏறிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. நேர்காணலைப் போனிலேயே பேசிவிடலாம் என்றால், அக்கா வீட்டு ஜன்னலில் கட்டித் தொங்கவிட்டாலும் ஒரு கோடுதான் சிக்னல் வரும்.

இரண்டு ஐம்பதுக்கு வியர்த்து வழிய மேலே வந்தேன். மாமா வாசலில் நின்று, "என்ன மாப்ள, கம்பத்துல காத்து வாங்கினீங்களா?" என்றார். அவரைத் தாண்டி உள்ளே போனேன். அக்கா தலைவாரி, நல்ல உடுப்புப் போட்டு உட்கார்ந்திருந்தாள். என்னைத் திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அவள் மேசைமேல் இருந்த சின்னப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் பச்சை விளக்குகள் வெறிபிடித்த மாதிரி துடித்தன.

"ஏன்டா, யாரும் பேசல. அப்புறம் இதுல யாருக்கு இவ்வளவு தபால் போகுது?"

நானும் குனிந்து விளக்குகளைப் பார்த்தேன்.

"ஒரு தடவை எங்க ஆபீஸ்ல ஒரு பை பதினொரு நாள் சுத்துச்சு. நாங்க பக்கத்து ஆபீசுக்கு அனுப்புவோம், அவங்க உங்களுதுன்னு திருப்பி அனுப்புவாங்க. எல்லாரும் வேலை செஞ்சுக்கிட்டேதான் இருந்தாங்க. பை மட்டும் போய்ச் சேரல." விரலால் ஒயர்களைத் தொட்டாள். "இது எங்க போகுது?"

"படிக்கட்டுப் பெட்டிக்கு."

"இது?"

"அதுவும்..." அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இரண்டு பெட்டிக்கும் நடுவே இரண்டு ஒயர். 'இது யாருது' என்று ஒரு பெட்டி போடும் குரல் ஒரு ஒயரில் போய் மற்ற ஒயரில் திரும்பி வரும். வந்ததை அது மறுபடி எல்லா வாசலிலும் சொல்லும். முடிவே இல்லை. கட்டடம் முழுக்க அந்தக் கூச்சல்தான். படிக்கட்டில் முன்பு இருந்த பெட்டிக்கு இரண்டு வழியைப் பார்த்தால் ஒன்றைத் தானே மூடிக்கொள்ளும் அறிவு உண்டு. போன வாரம் அது கெட்டுப்போய், கையில் கிடைத்த மலிவுப் பெட்டியை மாட்டினவனும் நான்தான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டு, தெருமுனையில் குழி தோண்டியவனிடம் சண்டை போட்டிருக்கிறேன்.

இரண்டாவது ஒயரைப் பிடுங்கினேன். விளக்குகள் அடங்கின. மேல்வீட்டிலிருந்து "வந்துருச்சு!" என்றார்கள். மணி இரண்டு ஐம்பத்தேழு. நான் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

அக்கா நன்றாகப் பேசினாள். கடைசியில், அந்தப் பக்கம் நேர்காணல் செய்த அம்மா கேட்டார். "சமீபத்துல நீங்க தீர்த்து வச்ச ஒரு பிரச்சினையைச் சொல்லுங்களேன்."

"சமீபத்துலன்னா, அரை மணி நேரத்துக்கு முன்னாடிங்க" என்று ஆரம்பித்து, ஒயர், விளக்கு, பதினொரு நாள் சுற்றிய பை எல்லாவற்றையும் சொன்னாள். அவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள்.

"அந்தத் தப்பைப் பண்ணது யாரு?"

சின்ன வயதில் நான் உடைத்த ஜன்னல் கண்ணாடிக்கெல்லாம் அவள்தான் அடி வாங்கியிருக்கிறாள். இன்றைக்குச் சொல்லட்டும், சொல்ல அவளுக்கு உரிமை உண்டு என்று மனதாரவே நினைத்தேன்.

"தப்புன்னு சொல்ல மாட்டேங்க" என்றாள் அக்கா. "எனக்கு எந்த வழியும் அடைபட்டுடக் கூடாதுன்னு ஒருத்தர் ரெண்டு வழி போட்டு வச்சாரு. அக்கறை கொஞ்சம் கூடிப்போச்சு, அவ்வளவுதான்."

அந்த அம்மா பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொன்னார். பிறகு, "திங்கக்கிழமையிலேருந்து வர முடியுமா?" என்றார்.

அக்கா கம்ப்யூட்டரை மூடிவிட்டு வெளியே வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள்.

"அழுறதுன்னா அழு. முதல்ல அந்த ஒயரைக் கீழ போடுடா."

அரை மணி நேரமாக அதைப் பிடித்துக்கொண்டே நின்றிருக்கிறேன்.